என் கணினியில் திறக்கிறதே!

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, அருகில் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதவளத் துறைத் தலைவி அவர்களே, எனக்கு மேலாளராய் இருந்தும் என்னை 'அக்கா' என்றே அழைக்கும் குழுத் தலைவரே, பிள்ளைகள் பரிசு வாங்குவதைக் காண வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, நிரல் எழுதியே விரல் தேய்ந்த என் தோழர்களே, தோழியரே! அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அந்த நாற்காலிக்குத் தனியாக ஒரு வணக்கம்.

'ஆண்டின் சிறந்த வாசகி' என்று எனக்குக் கண்ணாடிக் கேடயம் தந்திருக்கிறீர்கள். எதற்காக? ஆறாண்டுகளாக வெள்ளிதோறும் 'இந்த வாரம் படித்தவை' என்று பத்துக் கட்டுரைகளின் பட்டியலை உங்களுக்கு அனுப்பியதற்காக. அறிவியல் உண்டு, தொழில்நுட்பம் உண்டு, நிரல் நுணுக்கம் உண்டு, பண்பாடும் உண்டு. ஆக்டோபஸ் கனவு காணுமா? நீலத்துக்குச் சொல்லே இல்லாத மொழியில் வானத்தை எப்படிச் சொல்வார்கள்? ஒரு கையில் கரண்டி, மறு கையில் கைப்பேசி என்று தேடித் தேடிப் படித்துச் சேர்த்தேன்.

நீங்கள் கட்டைவிரல் உயர்த்தினீர்கள். 'செம அக்கா' என்றீர்கள். 'கண்ணத் திறந்துட்டீங்க மேடம்' என்றீர்கள். கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்!

ஜனவரியில் ஒரு மாற்றம் செய்தேன். இணையத்தில் நல்ல கட்டுரைகள் திடீர் திடீரென மறைந்துவிடுகின்றன என்று, எல்லாவற்றையும் என் மேசைக் கணினியில் சேமித்து, அங்கிருந்தே சுட்டிகளை, அதாவது லிங்க்குகளை, எடுத்து அனுப்பினேன். முன்வரிசையில் ஒருவர் நெற்றியில் கைவைத்துவிட்டார், அவருக்குப் புரிந்துவிட்டது. தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: என் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, 'உள்ளே அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள்' என்று ஊருக்கெல்லாம் கடிதம் போட்டிருக்கிறேன். அந்தச் சுட்டிகள் என் கணினியில் மட்டுமே திறக்கும். பதினோரு வாரம், நூற்றுப்பத்துக் கட்டுரை, ஒன்றுகூட உங்களில் ஒருவருக்கும் திறந்திருக்காது. ஆனால் பதினோரு வாரமும் கட்டைவிரல் உயர்ந்தது! 'ரெண்டு தடவ படிச்சேன்' என்று எழுதியவர் இந்த மேடையிலேயே இருக்கிறார்.

ஒருத்தி மட்டும் உயர்த்தவில்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் நாம் 'கேள்விக்குறி' என்று கேலி செய்த பெண். என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, உங்க லிங்க் எதுவுமே திறக்கல."

"எனக்கு நல்லாத் திறக்குதே!"

"எனக்கு வெறும் வெள்ளையாத்தான் வருது. மத்தவங்களுக்கு வருதா?"

"முப்பத்தெட்டு பேர் லைக் போட்டிருக்காங்க. உன் மெஷின்லதான் ஏதோ கோளாறு. போ, ரீஸ்டார்ட் பண்ணு."

"சரிக்கா. ஆனா படிக்காம நான் லைக் போட மாட்டேன், கோச்சுக்காதீங்க."

என் கணினியில் திறக்கிறதே! நம் தொழிலில் இதைவிட மலிவான சாக்கு உண்டா? வேறு யாராவது சொன்னால் வறுத்தெடுத்துவிடுவேன். அன்று நானே சொன்னேன். முப்பத்தெட்டுப் புகழ்ச்சி இனித்தது. ஒற்றைக் கேள்வி உறுத்தியது.

பிப்ரவரி இருபத்தொன்பது வந்தது. நம் மென்பொருளை நம்பிய மருத்துவமனையில், டயாலிசிஸ் எனும் இரத்தச் சுத்திகரிப்புக்கு வந்த நாற்பத்தொரு பேர் தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். திரையில் அன்றைய பட்டியல் காலி. நான்காண்டுக்கொருமுறை வரும் அந்த நாளை நம் நிரல் அறிந்திருக்கவில்லை. ஊசி ஏறவேண்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம்!

அந்த நிரலை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். கடைசியாய் அதைத் தொட்டவள் கேள்விக்குறி. விசாரணையில் குழுத் தலைவர் கேட்டார்: "இந்த லீப் வருஷப் பிரச்சினையப் பத்தி ரெண்டு வாரம் முன்னாடியே அக்கா லிஸ்ட்ல கட்டுரை வந்திருக்கு. எல்லாரும் படிச்சிருக்காங்க. நீ மட்டும் ஏம்மா படிக்கல?"

எல்லோரும் படித்திருந்தால் ஒருவர்கூட ஏன் நிரலைத் திருத்தவில்லை? அந்த அறையில் அதைக் கேட்கக்கூடியவள் ஒருத்திதான். அவளைத்தான் குற்றவாளியாக உட்கார வைத்திருந்தோம்.

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நான் வந்து சொன்னேன்ல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மத்த எல்லாருக்கும் திறந்துச்சே" என்றேன். மாலையில் அவள் அட்டைப்பெட்டியோடு படியிறங்கினாள். நான் மின்தூக்கியில் போனேன்.

சென்ற ஞாயிறு, விருதுச் செய்தி வந்த பெருமையில், பட்டியலை என் மகளின் கைப்பேசியில் திறக்கச் சொன்னேன். "வெறும் வெள்ளையா இருக்கும்மா. இதுக்கா பரிசு?" என்றாள்.

நம்பாதவர்கள் இப்போதே உங்கள் கைப்பேசியை எடுங்கள். சென்ற வெள்ளிக்கிழமைப் பட்டியல், முதல் சுட்டி, தொடுங்கள். என்ன தெரிகிறது? சத்தமாகச் சொல்லுங்கள்! இரண்டாவது? பத்தாவது? குழுத் தலைவரே, உங்கள் திரையிலும் வெள்ளைதானே? இரண்டு தடவை படித்தீர்களே, எதைப் படித்தீர்கள்?

ஒலிபெருக்கியை அணைக்க வேண்டாம், முடித்துவிட்டேன். தலைவர் அவர்களே, உங்கள் முன்னால் இருக்கும் உறையில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். பிழை என்னுடையது, படித்ததாய்ச் சொன்ன பொய் நம் எல்லோருடையது, வேலை இழந்தவள் மட்டும் உண்மை சொன்னவள். அவளைத் திரும்ப அழைக்கும் கடிதத்தில் நீங்கள் கையெழுத்திடும்வரை, இந்தக் கேடயம் அந்தக் காலி நாற்காலியில் இருக்கட்டும். அழைக்க மனமில்லையென்றால் நாளை அங்கே இரண்டு காலி நாற்காலிகள்.

கேட்டவர்களுக்கு நன்றி. கேட்டதாய்க் காட்டிக்கொண்டவர்களுக்கு வணக்கம்.