கடைசிப் பத்துப் பக்கம்

வாத்தியார்: ...அப்புறம்? விழுந்துட்டானா?

தையல்காரம்மா: இருங்க சார். ஒரு கையாலதானே புரட்டணும்? இன்னொரு கையிலதான் டயாலிசிஸ் ஊசி குத்தி வெச்சிருக்காங்களே.

வாத்தியார்: எனக்கும் அதே கதிதான். உனக்காவது கண்ணு தெரியுது.

தையல்காரம்மா: விழல. மொட்டைமாடி விளிம்புல நிக்கிறான். நல்ல மழை. அங்கி நனைஞ்சு காலோட ஒட்டிக்கிச்சு. ஆமா, இத்தனை சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பாத்துட்டோம், ஒருத்தன் அங்கியிலயும் தையலே இல்லையே! எவ தைச்சான்னு ஒரு கட்டத்துலயாவது காட்ட வேணாமா?

வாத்தியார்: உன் புத்தி வேற எங்க போகும்!

தையல்காரம்மா: சிரிங்க, சிரிங்க. எனக்கு இன்னொரு கோபமும் இருக்கு. போன மாசம் படிச்ச காமிக்ஸ்ல அந்த மின்னல்காரி செத்துப் போனப்ப நான் அழுதேன்ல?

வாத்தியார்: அழுதியா? மெஷினே கத்துச்சு. நர்ஸ் ஓடி வந்தாங்க.

தையல்காரம்மா: அடுத்த புத்தகத்துல எந்திரிச்சு வந்துட்டா சார்! ஒரு காரணமும் இல்ல. அப்ப அழுதவ என்ன பைத்தியமா?

வாத்தியார்: அதனாலதான் எனக்கு இந்தக் கிழட்டு ஹீரோவைப் பிடிச்சிருக்கு. சக்தி கொஞ்சங் கொஞ்சமா வடிஞ்சுட்டே போகுது. யாரும் வந்து திருப்பிக் குடுக்கல. ம்... முப்பது வருஷம் கிளாஸ்ல பசங்ககிட்ட இதைப் பிடுங்கி பீரோவுல பூட்டினவன் நான்.

தையல்காரம்மா: பாவம் சும்மா விடுமா? இப்ப நான் படிச்சுக் காட்ட வேண்டியிருக்கு. ஆனா இவன் படுற பாட்டை என்னால பாக்க முடியல சார். பறந்தவன், இந்த மொட்டைமாடிக்குப் படியேறித்தான் வந்திருக்கான். ஒரு படிக்கு ஒரு கட்டம். பதினாறு கட்டம்!

வாத்தியார்: பேச்சு ஏதாவது இருக்கா?

தையல்காரம்மா: ஒரு எழுத்து இல்ல. வாய்கிட்ட மூச்சு மட்டும் புகையா வரைஞ்சிருக்கான்.

வாத்தியார்: ...வரைஞ்சவனுக்கும் உடம்புக்கு ஏதோ இருந்திருக்கும்.

தையல்காரம்மா: மேல சொல்லட்டுமா?

வாத்தியார்: போதும். மிச்சத்தை வியாழக்கிழமை பாத்துக்கலாம்.

தையல்காரம்மா: பத்துப் பக்கம்தான் சார். முடிச்சிடலாமே.

வாத்தியார்: நீதானேம்மா எப்பவும் பாதியில மூடுவே? ரெண்டு நாள் நெனைச்சுக்கிட்டு கிடக்க ஏதாவது வேணும்னு சொல்லுவியே.

தையல்காரம்மா: அது... வியாழக்கிழமை கடையில வேலை. நான் வர லேட்டாகும்.

வாத்தியார்: டயாலிசிஸுக்கு எவராவது லேட்டா வருவாங்களா?

தையல்காரம்மா: இருங்க, பக்கம் ஒட்டிக்கிச்சு.

வாத்தியார்: யாரு சொன்னா உனக்கு?

தையல்காரம்மா: எதை? கேளுங்க, அடுத்த கட்டம். அவன் கைப்பிடிச் சுவர் மேல உக்காந்துட்டான், கீழ தெருவுல...

வாத்தியார்: அம்மா... புத்தகத்தை மூடு.

தையல்காரம்மா: மூடிட்டேன் சார்.

வாத்தியார்: இனிமே டயாலிசிஸ் வேணாம்னு போன வாரமே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். எட்டு வருஷம்மா. இன்னையோட சரி. மககிட்டகூட நேத்துதான் சொன்னேன். உனக்கு எப்படி... நர்ஸ் உளறிட்டாங்களா?

தையல்காரம்மா: நர்ஸ் இல்ல சார்.

வாத்தியார்: பின்ன?

தையல்காரம்மா: என் தம்பி... அவனுக்கும் இதே நோய். பரம்பரையா வர்றது. அஞ்சு மாசமா இங்க ஒரு படுக்கைக்கு நடையா நடந்தான்.

வாத்தியார்: சரி...

தையல்காரம்மா: போன வாரம் ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இருந்து அவனுக்கு போன் பண்ணாங்க. வியாழக்கிழமைல இருந்து வரச் சொல்லி. ஆறாம் நம்பர் படுக்கைன்னு.

வாத்தியார்: ...ஆறு என்னுது.

தையல்காரம்மா: ஒரு வாரமா தெரியும் சார். வேணாம் சார், இருங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு... முழுங்கிட்டேன். எங்க நீங்க மனசு மாறிடப் போறீங்களோன்னு பயந்துக்கிட்டே படிச்சுக் காட்டிட்டிருந்தேன்.