கப்பல் வரும் நேரத்துக்குத் திறந்த வாசல்

மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஐயாவின் துணைவியார் ஜெயமணி அம்மா அவர்களே, டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து வந்திருக்கும் அவருடைய அக்கம்பக்கத்தாரே, மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். நூலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் குரலைத் தாழ்த்தித்தான் பழக்கம். ஆனால் நம் கல்லூரி நூலகர் ஜம்புலிங்கம் ஐயா மறைந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அவரைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. இன்று அதைச் சொல்லாவிட்டால் என்றைக்குச் சொல்வேன்?

இருபத்தாறு ஆண்டுகள் அவர் இங்கே நூலகராக இருந்தார். அவர் வாங்கிச் சேர்த்த புத்தகங்களைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். நான் வாசலைப் பற்றிச் சொல்கிறேன். நூலகம் திறக்கும் நேரம் ஒன்பதரை என்று விதி. தென்கோடித் தீவிலிருந்து கேம்பல் பே கப்பல் வரும் நாள்களில் மட்டும் ஐயா காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார். ஏன்? விடிகாலையில் கப்பலைவிட்டு இறங்கும் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கதவு ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். இரண்டு நாள் கடலில் ஆடிவந்த பிள்ளை அதுவரை எங்கே போய் உட்காரும்?

புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டிய நாளைச் சீட்டில் எழுதும்போது, தீவுப் பிள்ளைகளுக்கு அவர் தேதி போடமாட்டார். ‘அடுத்த கப்பல்’ என்று எழுதுவார். ஒருமுறை லாங் ஐலண்ட் தீவுப் பையன் ஒருவன், புத்தகம் தரத் தாமதமாகிவிட்டதே என்று பயந்துகொண்டே வந்து நின்றான்.

“சார், கிதாப் லேட் ஹோ கயா. போட் கேன்சல்.”

“போட் கேன்சல் ஆனா நீ என்ன நீந்தியா வருவே? படிச்சு முடிச்சியா, அதச் சொல்லு.”

“பாதிதான் சார்.”

“அப்போ இன்னொரு போட் கேன்சல் ஆகட்டும். எடுத்துட்டுப் போ.”

கதவோரத்தில் ஒரு கரும்பலகை. கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டு, வரும் நேரத்தை அதில் தன் கையாலேயே எழுதுவார். எங்கள் உதவியாளர் ஒச்சப்பன் அண்ணன் கிண்டலாகக் கேட்பார்: “ஸார், இது லைப்ரரியா, கப்பல் ஜெட்டி வெயிட்டிங் ஹாலா?”

“ரெண்டுந்தான் ஒச்சப்பா. ஜெட்டியில ஃபேன் ஓடமாட்டேங்குது.”

இப்படிப்பட்ட மனிதர் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களை வரவேற்கும் நாளில் ஒரு கதை சொல்வார். நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். “மூட்டையோட வந்த ஒரு பொண்ண நான் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். அவ ஒரு வருஷம் இந்தப் பக்கமே வரல. அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு” என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியவர் அவர் இல்லை. நான்தான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், நான் உதவி நூலகராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை மாத மழை. புத்தக இருப்பைச் சரிபார்ப்பதற்காகக் காலை ஏழு மணிக்கே வந்து தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, தோளில் ஒரு தேங்காய் மூட்டை, கருவாட்டு வாசனை. முதலாம் ஆண்டு மாணவி பிரிஸ்கில்லா நனைந்துபோய் வாசலில் நின்றாள்.

“அக்கா, ஹாஸ்டல் தொறக்கிற வரைக்கும் உள்ள உக்காந்துக்கட்டுமா? மூட்டைய ஓரமா வச்சிக்கிறேன்.”

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சாமானோட உள்ள வரக்கூடாது. போர்டு இருக்குல்ல, பாரு.”

போர்டு இருந்தது. முன்பு யாரோ கொண்டுவந்த சாக்கில் கறையான் ஏறி, ஓர் அலமாரி நிறையப் புத்தகம் பாழாகியிருந்தது. அதற்குப் பிறகு ஐயா எழுதி மாட்டிய போர்டு அது. அவள் அதைப் படித்தாள். மூட்டையோடு மழையில் இறங்கிப் போய்விட்டாள். எனக்கு அது மறந்தும் போய்விட்டது!

ஐயா இதை மறக்காமல் வைத்திருந்தார் என்று சொல்லமாட்டேன். அவருக்கு அப்போது இது தெரியவே தெரியாது. அடுத்த ஆண்டு பதிவேட்டைப் புரட்டும்போது ஒரு பெயருக்கு எதிரே, சேர்ந்த புதிதில் எடுத்த ஒரே ஒரு புத்தகம் மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்தார். யார் கவனிப்பார்கள் அதை? வந்தவர்களைத்தானே நாம் கணக்கெடுக்கிறோம்? அவர் வராதவளைத் தேடிக்கொண்டு கேண்டீனுக்குப் போனார். நானும் உடன் போயிருந்தேன்.

பிரிஸ்கில்லா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் சொன்னாள்: “சாமானோட வரக்கூடாதுன்னாங்க சார். எங்க ஊர்லேர்ந்து சாமான் இல்லாம எப்படி சார் வர்றது?”

“யாரும்மா சொன்னது?”

“பேரு தெரியாது சார்.”

அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது.  நூலகத்துக்குத் திரும்பியதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தப் போர்டைக் கழற்றினார். மறுவாரம் அவரும் ஒச்சப்பன் அண்ணனுமாகப் பழைய படாக் மரப் பலகைகளை வைத்துக் கதவுக்கு உள்ளே ஒரு சாமான் தட்டு அடித்தார்கள். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், கறையான் ஏறாதபடி கால்களுக்குத் தகரம் சுற்றி. கறையானுக்குத் தடை போட வேண்டிய இடத்தில் பிள்ளைகளுக்குத் தடை போட்டிருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கப்பல் நாள்களில் ஐயா ஆறு மணிக்கே வாசலைத் திறக்கத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: “ஸார், அந்தக் கதையில பொண்ணத் திருப்பி அனுப்பினது நான்தானே? ஏன் உங்க பேர்ல சொல்றீங்க?”

“போர்டு எழுதினது யாரு உமா?”

“நீங்க.”

“நீ அதைப் படிச்சுக் காட்டினே. அவ்வளவுதானே? போ, போய் வேலையப் பாரு.”

சபையோரே! தன் தவறை அடுத்தவர்மேல் போடுபவர்களைப் பார்த்திருக்கிறோம். அடுத்தவர் தவறை ஏழு ஆண்டுகள் தன் பெயரில் சொல்லிவந்த மனிதரை எங்கே பார்ப்போம்?

அவர் போன இந்தப் பன்னிரண்டு நாளில் கேம்பல் பே கப்பல் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நூலக வாசல் ஒன்பதரைக்குத்தான் திறந்தது. சாவி இல்லையா? அலுவலகச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆறு மணிக்குத் திறக்க எழுத்தில் உத்தரவு இல்லையே என்று தயங்கினேன். இப்போது பொறுப்பு என்னுடையது, ஏதாவது காணாமல் போனால் யார் பதில் சொல்வது என்று யோசித்தேன். அதாவது, மறுபடியும் ஒரு போர்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நேற்று வந்த கப்பலில், இந்தக் கூட்டத்துக்காகவே கேம்பல் பேயிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே பள்ளி ஆசிரியையாக இருக்கிறார். ஜெட்டியிலிருந்து நேரே நூலகத்துக்கு வந்து, மூன்று மணி நேரம் படியில் உட்கார்ந்திருக்கிறார். நான் வந்ததும் எழுந்து நின்று கேட்டது ஒன்றுதான்: “அக்கா, ஸார் இல்லேன்னா வாசல் பூட்டிடுமா?”

பிரிஸ்கில்லா, மூன்றாவது வரிசையில் இருக்கிறாய். நேற்று உனக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று உன்னைத் திருப்பி அனுப்பியதற்கு இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். பதிலையும் இங்கேயே சொல்கிறேன்.

முதல்வர் அவர்களே, காலை ஆறு மணித் திறப்புக்கு அனுமதி கேட்டு என் கடிதம் இன்று உங்கள் மேசையில் இருக்கிறது. அனுமதி எழுத்தில் வரும்வரை, ஐயா செய்ததைப் போலவே என் பொறுப்பில் திறப்பேன். சீட்டில் ‘அடுத்த கப்பல்’ என்றே எழுதுவேன். கேட்பவர்கள் என்னைக் கேட்கட்டும்.

ஜெயமணி அம்மா, ஐயா வீட்டில் வைத்திருந்த சாவியைக் கூட்டம் தொடங்கும் முன் என் கையில் கொடுத்தீர்கள். “இது வீட்ல சும்மா கெடக்கக்கூடாது” என்றீர்கள். கிடக்காது அம்மா.

இங்கே வருவதற்கு முன் கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கரும்பலகையில் ஐயாவின் எழுத்து இன்னும் அப்படியே இருந்தது. அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் அது போய்விட்ட கப்பலின் நேரம். அழித்துவிட்டு எழுதினேன்:

கேம்பல் பே கப்பல், செவ்வாய், காலை ஐந்தரை.

ஆறு மணிக்கு வாசலில் நான் இருப்பேன்.