கப்பல்காரன் குழியை மூடாதீர்கள்

நல்ல பம்ப் தானாக நிற்காது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். டீசல் தீர்ந்தால் நிற்கும், குழாய் வாயில் சேறு அடைத்தால் நிற்கும். அதுவும் பட்டென்று நிற்காது, இருமி இருமித்தான் நிற்கும். காது உள்ளவனுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். என் பம்ப் அன்றைக்கு இருமவே இல்லை. ஆனால் பேப்பரில் பழைய பம்ப் பழுதாகி விபத்து என்று போட்டிருப்பதாக டீக்கடையில் ஒருவன் வாசித்துக் காட்டினான். நகராட்சி இன்ஜினியரும் அதையே சொல்கிறாராம். அவர் அந்த பம்ப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையில் கிரீஸ் ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளி நின்றார்.

அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதிகம் படிக்காதவன்தான். ஆனாலும் நான் சொல்லாத ஒரு வார்த்தை உள்ளே நுழைந்திருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.

நீங்கள் மாற்றலாகி வந்தவர், உங்களுக்குக் கப்பல்காரன் கதை தெரிந்திருக்காது. பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஒரு கப்பல்காரன் தன் பொன்னையெல்லாம் புதைத்துவிட்டுக் கடலேறிப் போனான், திரும்பி வரவில்லை. எந்தக் காலம், எந்த நாட்டுக்காரன் என்று கேட்காதீர்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள். எடுத்திருப்பார்கள் கிழவா, எப்போதோ எவனோ எடுத்திருப்பான் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நிறைய. எடுத்திருந்தால் ஒரு காசாவது வெளியே வந்திருக்குமே. எந்தக் கடையிலாவது, எவள் கழுத்திலாவது ஒரு துண்டு கண்ணில் பட்டிருக்குமே. இதுவரை ஒரு காசைக்கூட யாரும் பார்த்ததில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? முழுசும் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. தோண்டப் போன ஒவ்வொருவனுக்கும் பலகை அகப்பட்டிருக்கிறது. நல்ல கனத்த பலகை, வரிசையாகப் பரப்பியது. மண்ணுக்குள் அத்தனை ஆழத்தில் பலகை எப்படிப் போகும்? மனிதன் போட்டால்தான் போகும். என் அப்பா தோண்டினபோதும் அகப்பட்டது. அப்பா படகு கட்டுகிற தச்சர், மரத்தைப் பார்த்தால் வயசு சொல்வார். அதை நம்பித்தான் வீட்டை விற்றார். என் அண்ணன் கீழே நின்று வாளியில் மண் நிரப்புவான், நான் மேலே இழுப்பேன். ஒருநாள் பக்கத்து மண் சரிந்தது. அண்ணனை எடுத்தபோது மூக்கு, வாய், காதெல்லாம் மண். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா அழவில்லை. "இவ்ளோ பெரிய விலை குடுத்தாச்சு. இனிமே அது நம்மளுது," என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சரியாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்பாவுக்குப் பின் குழி சரிந்து மூடிக்கொண்டது. நான் லாரி ஓட்டி, கிடங்கில் மூட்டை தூக்கி, ஒரு பெண்ணை வளர்த்து ஆளாக்கி, அதற்கப்புறம்தான் மறுபடி கையை வைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தோள்பட்டையைத்தான் பார்த்தேன். வெல்டிங் பட்டறையில் வேலை செய்தவன், நல்ல கட்டான உடம்பு. குணமும் நல்ல குணம். எதிர்த்துப் பேச மாட்டான். பட்டறை லீவு நாளிலெல்லாம் எனக்காகக் குழியில் இறங்கினான். அப்புறம் பட்டறையையே விட்டுவிட்டு இறங்கினான். நான் சொன்னதால்தான் விட்டான்.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. "அப்பா, அவங்க அண்ணன் லேத்து பட்டறைக்கு வாடான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. இந்தக் குழியக் கட்டிக்கிட்டு நாங்க எத்தன நாள் அழறது?" என்றாள். "அழறவங்க அழுங்க, நான் தோண்டுறேன்," என்றேன். அவன் நடுவில் புகுந்து சிரித்து, "அடி வரைக்கும் போய்ப் பார்த்துடலாம், மாமா. ஒண்ணு அள்ளிக்கிட்டு வருவோம், இல்லன்னா கையக் கழுவிட்டு வருவோம்," என்றான். இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்தான்.

அந்தக் குழியில் வேலை எப்படி என்றால், தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். மேலே பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால்தான் கீழே ஆள் நிற்கலாம். ஏணி பாதி வரைக்கும்தான். அதற்குக் கீழே உருளையில் சுற்றிய கயிறு, கயிற்றில் ஒரு பலகை இருக்கை. கீழே போனவன் தானாக மேலே வர முடியாது, மாப்பிள்ளைக்கு நீச்சலும் தெரியாது. மேலே இருப்பவன் சுற்ற வேண்டும். எங்கள் குழியில் சுற்றுவது நான். வேறு யாரையும் பக்கத்தில் சேர்த்ததில்லை. வாசனை பிடித்து வருகிற கூட்டத்தை நான் நம்பியதில்லை.

அன்று காலை அவன் இறங்கிக் கொஞ்ச நேரம் கடப்பாரைச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு சிரிப்புச் சத்தம் வந்தது. குழிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தால் அது பெரிதாகக் கேட்கும்.

"மாமா, மேல இருக்கீங்களா?"

"எங்க போயிட்டேன்? சொல்லு மாப்ளே."

"இந்தப் பலகை எல்லாம் பெரியவர் போட்டது மாமா. உங்க அப்பா. முனையச் சரிச்சு அறுத்திருக்காரு. அவர் செஞ்ச உங்க வீட்டுக் கட்டில்ல இருக்கே, அதே அறுப்பு."

"ஒண்ண அனுப்பு. பார்க்கறேன்."

கயிற்றில் கட்டி அனுப்பினான். கயிற்றை மறுபடி கீழே விட்டுவிட்டு, சேற்றைத் துடைத்துப் பார்த்தேன். அப்பா கைதான். சேற்றில் கால் புதையாமல் இருக்க, தோண்டுகிறவர்கள் எல்லோரும் அடியில் பலகை பரப்புவோம். நானும் பரப்பியிருக்கிறேன். நின்று வேலை செய்ய வேண்டுமே. போகும்போது யார் அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்? மண் சரிந்து மேலே மூடிக்கொள்ளும்.

"புரியுதா மாமா? அவருக்குக் கிடைச்சது அவருக்கு முன்னாடி தோண்டுனவன் போட்டது. நமக்குக் கிடைச்சது இவர் போட்டது. நம்ம பலகைய நாமளே தோண்டித் தோண்டி எடுத்து, கப்பல்காரனுதுன்னு கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

"அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"பாறை. ஒரே பாறை. சுத்திச் சுத்தித் தட்டிட்டேன். மனுசன் கை பட்ட பாறையே இல்ல மாமா."

"நல்லா ஓங்கித் தட்டு."

"தட்டுனா பொறிதான் பறக்குது. பொன்னு எங்க பறக்குது?" மறுபடி சிரித்தான். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மனசில் இருந்த பாரம் இறங்கினவன் சிரிப்பது மாதிரி சிரித்தான். "தூக்குங்க மாமா. பலகைய நகராட்சில கொண்டு போய்க் காட்டுவோம். இங்க ஒண்ணும் இல்லன்னு ஊருக்கே தெரியட்டும். நம்மள மாதிரி இன்னொரு குடும்பம் இதுல விழ வேண்டாம். உங்க பொண்ணும் நிம்மதியாத் தூங்குவா."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பலகை அப்பா போட்டதுதான், ஒத்துக்கொள்கிறேன். பாறை இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். கப்பல்காரன் என்ன முட்டாளா, பாறைக்கு மேலே வைத்துவிட்டுப் போக? பாறைக்குக் கீழேதான் வைத்திருப்பான். இதை இரண்டு நாள் ஆற அமர யோசித்தால் அவனுக்கும் விளங்கியிருக்கும். ஆனால் அவனுக்கு அவசரம். மேலே வந்த கையோடு ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான். இல்லை என்ற வார்த்தை வெளியே போய்விட்டால் அப்புறம் பிடிக்க முடியுமா? என் அண்ணன் வெறும் மண்ணுக்குச் செத்தவன் ஆகிவிடுவான். அப்பா வெறும் பலகைக்கு வீட்டை விற்றவர் ஆகிவிடுவார். ஒரு குடும்பத்தையே அழிக்கிற பேச்சு அது. அவன் அதைச் சிரித்துக்கொண்டே பேசினான்.

நான் உருளையைச் சுற்றினேன். இருக்கை காலியாக மேலே வந்தது.

"மாமா, நான் இன்னும் ஏறல. மறுபடி விடுங்க."

பிறகு போய் பம்ப்பை நிறுத்தினேன். பொத்தானை அழுத்தியது இந்தக் கை. சத்தம் நின்றதும் கடல் கேட்டது.

"பம்ப் நின்னுடுச்சு மாமா. டீசல் பாருங்க."

"டீசல் இருக்கு," என்றேன். நான் அவனிடம் பொய் சொல்லவில்லை.

"அப்ப ஏர் பிடிச்சிருக்கும், மேல இருக்க திருகக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க." நான் தடுமாறிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, எந்தத் திருகு, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசி வரைக்கும் பம்ப்பில்தான் கோளாறு என்று நினைத்தான். ஊரும் அப்படியே நினைக்கிறது. மாமா மாமா என்று கூப்பிட்டான். நான் எழுந்து போகவில்லை, அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடுகிறவனை விட்டுவிட்டு எழுந்து போவது நாகரிகமில்லை.

தண்ணீர் ஏணி வரைக்கும் ஏறின பிறகுதான் போய் ஆள் கூட்டி வந்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. பம்ப் நின்றுவிட்டது, கிழவனுக்குக் கை கால் ஓடவில்லை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். கொக்கி போட்டுத் துழாவி எடுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. நின்றவர்களுக்கெல்லாம் டீ போட வேண்டியிருந்தது. அடுப்புக்கு விறகு இல்லை. அப்பாவின் பலகையைப் பிளந்து வைத்தேன், ஈரம் காய்ந்ததும் நன்றாக எரிந்தது. உங்கள் ஆட்களும் இரண்டு டம்ளர் குடித்தார்கள்.

என் மகள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்களும் உள்ள விழுந்திருந்தா எனக்கு யாருப்பா?" என்றாள். அவளுக்கு இதை நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். விவரமான பெண், பக்குவமாக எடுத்துச் சொன்னால் விளங்கிக்கொள்வாள். அவள் புருசனும் இப்போது என் அண்ணன் மாதிரி விலை கொடுத்தவன். குழியில் அவளுக்கும் பங்கு உண்டு.

இவ்வளவோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். நேற்று அந்த இன்ஜினியர் வந்து, இது ஆபத்தான இடம், அடுத்த வாரம் கான்கிரீட் ஊற்றி நிரந்தரமாக மூடப் போகிறோம் என்று போர்டு நட்டுவிட்டுப் போயிருக்கிறார். என்ன ஆபத்து? அந்தக் குழியில் ஒரு ஆபத்தும் இல்லை. மண் கெட்டி, கயிறு புதுசு, பம்ப் ராஜா மாதிரி ஓடும். ஆபத்து என்று எழுதியதை அடியுங்கள். விபத்து என்று எழுதியதையும் அடியுங்கள். நான் கொன்றேன் என்று எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள், இன்ஜினியருக்குக் கண்ணில் படும்படி. என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் போடுங்கள், கேட்க மாட்டேன். குழியை மட்டும் திறந்து வையுங்கள்.

எதற்கு இப்படிப் பார்க்கிறீர்கள்? அங்கே ஒன்றும் இல்லை என்று நீங்களும் நினைக்கிறீர்களா? நான் என்ன பைத்தியமா? கீழே ஒன்றுமே இல்லையென்றால், பெற்ற பெண்ணின் புருசனை ஒருவன் சும்மா கொல்லுவானா?