வெளிநாட்டில் இருப்பவருக்கு வந்த கடிதம்

கீழ்வீடு: ...கதவைப் பாதி திறந்து வச்சுக்கிட்டுப் பேசறியே, நான் என்ன கொள்ளையடிக்கவா வந்தேன்?

மேல்வீடு: இல்லக்கா... வீடு பெருக்கல. அதான்.

கீழ்வீடு: உன் வீட்டுக் குப்பை எனக்குப் புதுசா? வரி ஆபீஸ் கடிதமாமே. தபால்காரர் சொன்னாரு.

மேல்வீடு: அவருக்கு வாயே மூடாதா?

கீழ்வீடு: நான் மூட விட்டாத்தானே. என்ன எழுதியிருக்கு?

மேல்வீடு: ஒண்ணுமில்ல... வெளிநாட்டுல இருக்கறவர்னு வரி ரிட்டர்ன் போட்டிருக்கீங்களே, போன வருஷம் எத்தனை நாள் இங்க இருந்தீங்கன்னு...

கீழ்வீடு: அங்கேயே கிடக்கற மனுஷனுக்கு என்ன பயம்? பாஸ்போர்ட்ல முத்திரை இருக்குமே.

மேல்வீடு: அதைத்தான் எடுத்துக்கிட்டு நேர்ல வரச் சொல்றாங்க. பதினஞ்சு நாளைக்குள்ள.

கீழ்வீடு: வரச் சொல்லேன்.

மேல்வீடு: லீவு கிடைக்காதுக்கா.

கீழ்வீடு: ம்... தள்ளு, உள்ள வரேன். உட்காரு. ரிட்டர்ன் போட்டது தெருமுனை ஆடிட்டர்தானே?

மேல்வீடு: ஆமா. 'வீட்டுக்காரர் இன்னும் அங்கதானேம்மா?'ன்னு கேட்டாரு. பின்னால நம்ம தெரு ஆளுங்க நாலு பேர் நின்னாங்க... ஆமான்னுட்டேன். அப்படியே டிக் அடிச்சுட்டாரு.

கீழ்வீடு: ஏன், அங்க இல்லையா?

மேல்வீடு: இருங்க, கதவைச் சாத்திடறேன்.

கீழ்வீடு: என் தலைக்கு மேல ரெண்டு ஜோடி கால் நடக்குதுடி, ஒரு வருஷமா. ஒண்ணு உன்னுது. இன்னொண்ணு குதிகாலைத் தூக்கிக்கிட்டே பாத்ரூம் போகுது. எனக்குத் தெரியாதா அந்த நடை...

மேல்வீடு: அக்கா, மெதுவா...

கீழ்வீடு: யார்கிட்டயும் சொல்லல. அதை நினைச்சா எனக்கே ஆச்சரியமா இருக்கு.

மேல்வீடு: கம்பெனியை மூடிட்டாங்க. வேற வேலை கிடைக்கறவரைக்கும் வெளியில தெரிய வேணாம்னாரு. இப்ப கிடைச்சிருச்சு, அடுத்த மாசம் கிளம்பணும். பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டா... பொய் சொன்னோம்னு கேஸ் போட்டா... உங்களுக்கு என்ன, உங்க வீட்டு அண்ணன் நிஜமாவே வெளிநாட்டுல நல்லா இருக்காரு.

கீழ்வீடு: ...ஆடிட்டர் என்ன சொல்றாரு?

மேல்வீடு: தெரிஞ்சவங்க வீட்டு விஷயம்னு கேட்டேன். பாதி வருஷத்துக்கு மேல இங்க இருந்தா இங்கத்து ஆளாத்தான் காட்டணுமாம். நாமளா முந்திக்கிட்டுத் திருத்திப் போட்டா பிரச்சனை இல்லையாம். கடிதம் வந்துட்டா, அப்புறம் அதிகாரி மனசு வைக்கணுமாம்.

கீழ்வீடு: கடிதத்தைப் பிரிக்கவே இல்லேன்னா?

மேல்வீடு: பிரிக்கலேன்னாலும் நாள் நிக்காதாம்.

கீழ்வீடு: பதினஞ்சுதானா? கொஞ்சம் கூட்டித் தர மாட்டாங்களா?

மேல்வீடு: என்னக்கா, என்னைவிட உங்க முகம் வெளுத்துப் போச்சு?

கீழ்வீடு: பத்து நாள் ஓடிப்போச்சுடி. இதே மாதிரி கடிதம் ஒண்ணு எங்க மெத்தைக்கு அடியிலயும் கிடக்கு. பிரிங்கன்னா, உங்கண்ணன் அது மேலேயே படுத்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்கறாரு.