வெள்ளை என்றால் சம்மதம்

வாழை இலையை மடிப்பதற்கு முன் அடுப்புத் தீயில் லேசாக வாட்ட வேண்டும். இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் கிழிந்துவிடும். என் அக்கா ரமணி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

எனக்கு முப்பத்து நான்கு வயது. டிப்ளோமாவைப் பாதியில் விட்டவன். பாயான் பாருவில் ஒரு கணினிச் சிப் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக இரவு வேலை. இருப்பது அக்கா வீட்டில். காலையில் நான் திரும்பும்போது அக்கா சூப்பர்மார்க்கெட் வேலைக்கும், அவள் கணவர் சிவநேசன் மச்சான் துறைமுகத்துக்கும் போயிருப்பார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பகல் முழுக்க நானும் காற்றாடியும்தான்.

போன வருடம் மச்சானுக்கு நெஞ்சு வலி வந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கூடாது என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"மூணு அடைப்பாம்டா தம்பி. சாயங்காலம் நம்ம பாலத்துல வண்டி ஜேம் மாதிரி லா," என்று சிரித்தார்.

அதன் பிறகு நான் வீடு வரும்போது மேசையில் எனக்குக் கோப்பி இருக்கும். "இன்னைக்கு எவன் ஏசுனான்?" என்பார். சொல்வேன். அவனை விடக் கேவலமாக இவர் திட்டுவார். மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவோம். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஆறு மாதம் இப்படிப் போனது. பிறகு டாக்டர் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்தார். நல்லபடியாக முடிந்தால் மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்றார். செய்யாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம் என்றும் சொன்னார். மச்சான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். அக்கா எதையும் கேட்கவில்லை. கத்தி என்றதுமே பயந்துவிட்டாள். தாசேக் கெலுகோரில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி மச்சானின் குலதெய்வக் கோவில் இருக்கிறது. அங்கே பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள். மடித்த இரண்டு இலைப் பொட்டலங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளைப் பூ வந்தால் அறுவைச் சிகிச்சை. சிவப்பு வந்தால் வேண்டாம்.

"நீயே மடிச்சுக் குடு தனேஷ்," என்றாள். "நீதான் சாமி கும்பிட மாட்டியே. உனக்கு இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல."

மல்லிகையும் செவ்வரளியும் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அரளி நிறைய இருந்தது. இரண்டு இலையிலும் அரளியை வைத்து மடித்தேன். மல்லிகையை வீணாக்கவில்லை. வீட்டுச் சாமி படத்துக்கு வைத்தேன்.

கோவிலில் அக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். மற்றதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் சரிபார்ப்பதில்லை. அதை நான் என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"கத்திக்குத் தப்பிச்சேன்லா தம்பி," என்றார் மச்சான். வரும் வழியில் மூவருக்கும் சாப்பிட மீ கோரெங் வாங்கினார்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நோயாளியாகவே இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். பதினோரு வாரம் இருந்தார். ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், சாய்ந்தார்.

நிறைய யோசித்துப் பார்த்தேன். சாமி இருந்தால், என்னைத் தடுத்திருக்கலாம். இல்லை என்றால், பூவிடம் கேட்டு உயிரை முடிவு செய்தது அவர்கள் தவறு. எப்படிப் பார்த்தாலும் நான் இலை மடித்தவன், அவ்வளவுதான்.

அக்கா வேலையை விட்டுவிட்டாள். தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். "இந்தக் கைதான்டா எடுத்துச்சு," என்கிறாள். ஒரே வாக்கியத்தில் அதை நான் தீர்க்கலாம். ஆனால் சொன்னால், அன்றைக்குச் சாமி அவளிடம் பேசவே இல்லை என்று ஆகிவிடும். புருஷனை இழந்தவளிடமிருந்து சாமியையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் கடையிலிருந்து அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகட்டுமா என்று என்னிடம் கேட்டாள்.

உடம்பு தேறட்டும், இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றேன். அவள் நல்லதுக்காகத்தான் சொன்னேன்.