ஷட்டவுன் நாளில் ஓடின மிக்சி

லூர்துமேரி: மிக்சி ஓடிச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு ரேணுகா.

ரேணுகா: கரண்ட் இல்லாம எப்படிக்கா ஓடும்? சாயங்காலம் வரைக்கும் ஷட்டவுனாச்சே.

லூர்துமேரி: அதான் கேக்கறேன். செவுத்துக்கு அந்தாண்ட என் வூட்லதான் நின்னுனு இருந்தேன். கரகரன்னு சத்தம்.

ரேணுகா: அது... அம்மியில அரைச்சேன்.

லூர்துமேரி: உங்க அம்மி தோட்டத்துல கவுந்து கெடக்குது. அதும்மேல கோழி ஒக்காந்திருக்குது.

ரேணுகா: ...கோழிய ஓட்டிட்டுதான் அரைச்சேன்.

லூர்துமேரி: சரி சரி. மாடியில அத்தினி சோலார் தகடு வச்சிருக்கீங்க. வெயிலும் இந்தக் காய் காயுது. அது என்னா பண்ணுது?

ரேணுகா: லைன் போனா தகடும் நின்னுடும். கம்பத்துல ஏறுற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதில்ல. உங்க மாடித் தகடும் அதேதானக்கா?

லூர்துமேரி: அதேதான். பேட்டரி மாட்டியிருந்தா ஓடும்.

ரேணுகா: அதுக்கு எங்க போறது? தகட்டுக்குத்தான் மானியம். பேட்டரிக்கு காலணா கெடையாது.

லூர்துமேரி: ஆமா. வந்த மானியத்த அப்படியே கொட்டினாலும் லித்தியம் பேட்டரிக்குப் பாதிதான் வரும். தண்ணி ஊத்துற பேட்டரி கம்மி வெலதான். ஆனா நம்ம உப்புக்காத்துக்கு கம்பி முனையெல்லாம் பூத்துப் போவும்.

ரேணுகா: இவ்ளோ வெவரம் ஏதுக்கா உங்களுக்கு?

லூர்துமேரி: ...டிவியில சொன்னான். நீ பேச்ச மாத்தாத. ஒரு சொம்பு தண்ணி கொண்டா, ஃபிரிட்ஜ்லேர்ந்து.

ரேணுகா: இந்தாங்க.

லூர்துமேரி: ஐயோ, கொதிக்குதுடி.

ரேணுகா: டேங்க் தண்ணி. ஃபிரிட்ஜ்தான் ஓடலியே.

லூர்துமேரி: சின்னப்பாப்பா காலையிலேர்ந்து தெருவெல்லாம் அலையறா, தெரியுமில்ல? நாளைக்கு அவ பொண்ணுக்கு மறுவீட்டு விருந்து. கிளியனூர்லேர்ந்து சம்பந்தி ஆளுங்க ஒரு வேன் நெறைய வர்றாங்க. எறா வாங்கி வச்சிட்டா, ஐஸ் கரைஞ்சினு இருக்குது. நாறிப்போச்சின்னா அந்தப் பொண்ணு அங்க தல நிமுந்து நடக்க முடியுமா?

ரேணுகா: பாவந்தான்.

லூர்துமேரி: பாவம்னா எறா கெடாம இருக்குமா? ஃபிரிட்ஜ் ஓடற வூடு ஒண்ணு வேணுமே...

ரேணுகா: இருந்தா நானே கூப்புட்டுக் குடுக்க மாட்டனா?

லூர்துமேரி: குடுப்ப, குடுப்ப. போன புயலுக்கு ஜான்சி வூட்ல இன்வெர்ட்டர் இருக்குதுன்னு தெரிஞ்சதும், செல்போன தூக்கினு மொத மொத ஓடுனது யாரு?

ரேணுகா: நீங்க.

லூர்துமேரி: எனக்கு முன்னாடியே நீ ரெண்டு போனு, ஒரு டார்ச் லைட்டோட அங்க ஒக்காந்திருந்த.

ரேணுகா: தெருவே சொருகி சொருகி, கடைசியில அவ கொழந்தைக்கே ஃபேன் ஓடல. அதப் பாத்ததுலேர்ந்துதான் நாங்க...

லூர்துமேரி: நீங்க?

ரேணுகா: ...ஒண்ணுமில்ல.

லூர்துமேரி: உள்ள யாரு, உன் வூட்டுக்காரு பாலகுருவா? உப்பளத்துக்குப் போகலியா?

ரேணுகா: ஒடம்பு சரியில்லன்னு படுத்திருக்காரு.

லூர்துமேரி: அவரு தலமாட்டுல காலண்டர் ஏன் படபடன்னு அடிச்சிக்குது?

ரேணுகா: கடக்காத்து.

லூர்துமேரி: கடல் கெழக்க இருக்குது. உன் ஜன்னல் மேக்க பாத்துனு இருக்குது.

ரேணுகா: சரிக்கா, மாட்டியிருக்கோம். போதுமா? மெதுவா பேசுங்க. தெரிஞ்சா எங்க கதியும் ஜான்சி கதிதான்.

லூர்துமேரி: நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? சின்னப்பாப்பா காதுல மட்டும் ஒரு வார்த்த...

ரேணுகா: இருங்க. அது என்னாக்கா முழங்கையில? இட்லி மாவா?

லூர்துமேரி: எங்க... இதுவா? இது நேத்து...

ரேணுகா: ஈரம் காயல. கிரைண்டர் ஓடிச்சா? இல்ல, கோழிய ஓட்டிட்டு அரைச்சீங்களா?

லூர்துமேரி: ...சும்மா இருடி. அவளே வர்றா.

ரேணுகா: அதான பாத்தேன். உங்க ஃபிரிட்ஜ காப்பாத்திக்க எறாவ என் தலையில கட்ட வந்தீங்களா?

சின்னப்பாப்பா: ரெண்டு பேரும் ஒண்ணாதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சி.

லூர்துமேரி: வா சின்னப்பாப்பா. உனக்குத்தான் ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். ரேணுகா வூட்ல...

ரேணுகா: மேரியக்கா வூட்ல...

சின்னப்பாப்பா: தெரியும், வழிய விடுங்க. ரெண்டு வூட்லயும் பேட்டரி மாட்டுன தேவா என் தம்பி மவன். ஒரே தெருவுல ரெண்டு வூடு சேந்தா தள்ளுபடின்னான், அவனுக்கு உங்க ரெண்டு பேர் பேரையும் சொன்னதே நான்தான். எவளாவது தானா வாயத் தொறப்பீங்களான்னுதான் காலையிலேர்ந்து தெருவ சுத்துனேன்... எறாவ அப்பவே வூட்டுக்கு ஒண்ணா ரெண்டு கூடையா கட்டி வாங்கியாச்சி.