கணக்கில் சேராத ஒன்றரை மீட்டர்

தென்னரசு: காலை ஆட்டாத செல்வி. ஷூ லேசு நழுவுது.

அன்புச்செல்வி: கூசுதுய்யா.

தென்னரசு: ஷூ மேலதான கை வெச்சிருக்கேன், எங்க கூசும்? லேசை யாரு உன்ன தொவைக்கச் சொன்னது? இந்த கிளிப்பு நாலாவது ஓட்டை மேல சரியா உக்காரணும். ஒரு ஓட்டை தள்ளி மாட்டுனாலும் கணக்கு மாறிடும்.

அன்புச்செல்வி: மாட்டிட்ட இல்ல? எந்திரி. ரோட்டுல போறவங்க பாக்கறாங்க.

சடையப்பன்: இன்னா தென்னரசு, விடிஞ்சும் விடியாம பொண்டாட்டி கால்ல உழுந்துகினு இருக்கற? இன்னா தப்பு பண்ண?

தென்னரசு: உழல மாமா. சென்சார் மாட்டறேன்.

சடையப்பன்: அது இன்னாது... கால்ல கட்டுற தாயத்தா?

தென்னரசு: தாயத்தா! அவ ஓடுற வேகத்த அளக்கற மிஷினு மாமா. கைல இருக்கற வாச்சு, வானத்துல சுத்தற சேட்டிலைட்ட பாத்துதான் தூரம் சொல்லும். நம்ம புளியமரத்து ரோட்டுல நுழைஞ்சா மரம் மறைச்சுடும், அதுக்கு ஒண்ணும் புரியாது. இவ நேரா ஓடுவா, அது வயல்ல எறங்கி ஓடுறான்னு கோடு போடும். ஒரு நாளு இவள கெணத்துக்குள்ளயே எறக்கிடுச்சு.

சடையப்பன்: அய்யய்யோ.

தென்னரசு: இது அப்படி இல்ல. காலோடவே போவுது. ஒவ்வொரு அடியும் எவ்ளோ நீளம், எவ்ளோ வேகம்னு அந்த செகண்டே வாச்சுக்கு சொல்லிடும். புளியங்கொட்டை கணக்கா இருந்துகினு இன்னா வேல செய்யுது பாத்தியா!

சடையப்பன்: தறியில எழை அறுந்தா உனக்குக் கண்ணு தெரியாது. பொண்டாட்டி அடிய மட்டும் எண்ணிகினு இருக்க.

அன்புச்செல்வி: நல்லா கேளுங்கண்ணா.

சடையப்பன்: வரேம்மா. தெருவுல தறிக்குப் பாவு நூலு நீட்டியாச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள ஜல்தியா முடிக்கணும். தாயத்து அவுந்துடப் போவுது, பாத்து ஓடு!

தென்னரசு: மனுசன் வாய் ஓயாது. சரி வா. ரைஸ்மில் கேட்டு வரைக்கும் மெதுவா போ. நான் டிவிஎஸ்ல பின்னாடியே...

அன்புச்செல்வி: நான் ஓடல.

தென்னரசு: இன்னாது?

அன்புச்செல்வி: ஓடல. பெங்களூரு ரேஸுல இருந்து பேரை எடுத்துடலாம்னு இருக்கேன். நாளைக்கு ஷிப்டுக்குப் போவும்போது பேரு எழுதிகினு போன கனிமொழி மேடம்கிட்ட சொல்லிடறேன்.

தென்னரசு: ஏ... இன்னா வெளையாடற? வர்ற வெள்ளிக்கிழமை செலக்‌ஷன வெச்சுகினு...

அன்புச்செல்வி: நீயே கணக்கு போடு. கம்பெனியில இருந்து பெங்களூரு போவப் போறது ஒரே ஒரு பொம்பள. பத்து கிலோமீட்டர ஒரு மணி நேரத்துக்குள்ள ஓடணும். அப்ப ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம்கூட ஆவக்கூடாது. என்னோடது எவ்ளோ?

தென்னரசு: அது... 

அன்புச்செல்வி: சொல்லு.

தென்னரசு: ஆறு இருபது.

அன்புச்செல்வி: போன மாசம்?

தென்னரசு: போன மாசமும் ஆறு... இருபது, இருபத்திரெண்டு...

அன்புச்செல்வி: அவ்ளோதான். அந்த வாச்சைப் பாத்தாலே பேஜாரா இருக்குது. 

தென்னரசு: பொங்கலப்போ நீ எவ்ளோல இருந்த, ஞாபகம் இருக்குதா? ஏழு பத்து! அதுல இருந்து இங்க வந்திருக்க. ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸ வுட்டு எறங்குவ, வீட்டுக்குக்கூட வராம பாலத்து மேலயே ஷூ மாத்திகினு ஓடுவ. வண்டில வர்ற எனக்கு மூச்சு வாங்கும், உனக்கு வாங்காது. தெருவே உன்னப் பத்தி பேசுது.

அன்புச்செல்வி: தெரு பேசுனா டைம் கொறையுமா? ஒம்பது வருஷமா ஓடுறவங்களுக்கு ஷூ தெச்சு தெச்சு அனுப்பறேன்யா. யாரு யாரோ எந்தெந்த ஊர்லயோ மாட்டிகினு ஓடுறாங்க. ஒரு தடவ... ஒரே ஒரு தடவ நான் தெச்சத நானே மாட்டிகினு போயி ஓடணும்னு நெனச்சேன். நமக்கு குடுத்து வெக்கல, வுடு.

தென்னரசு: வுட முடியாது.

அன்புச்செல்வி: ஏன் முடியாது? கால் என்னுது.

தென்னரசு: செல்வி... வண்டி மேல உக்காரு.

அன்புச்செல்வி: எதுக்கு?

தென்னரசு: உக்காரு சொல்றேன். நின்னுகினு கேட்டா என்ன அடிச்சாலும் அடிச்சுடுவ.

அன்புச்செல்வி: உக்காந்துட்டேன். சொல்லு.

தென்னரசு: இந்த சென்சார் வாங்குன புதுசுல, ஒரு கிலோமீட்டர் சரியா அளந்து உன்ன ஓட வெச்சேன் இல்ல? 'இதாண்டா ஆயிரம் மீட்டரு'ன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கணும், அப்பதான் மிச்சத்த அது சரியா சொல்லும்னு...

அன்புச்செல்வி: ஆமா. ரைஸ்மில் கேட்டுல இருந்து வாய்க்கா மேல இருக்கற கல்வெட்டுப் பாலம் வரைக்கும். சுண்ணாம்புல கோடு போட்ட. கிலோமீட்டர் கல்லத்தான் ரோடு அகலம் பண்றப்ப புடுங்கிட்டாங்களே.

தென்னரசு: எதால அளந்தேன்?

அன்புச்செல்வி: கயிறால. டேப்பு வாங்குய்யான்னு சொன்னேன். நெசவுக்காரனுக்கு எதுக்கு டேப்புன்னு மார் தட்டுன.

தென்னரசு: அந்தக் கயிற எங்க அளந்து வெட்டுனேன் தெரியுமா? தெருவுல நீட்டி வெச்சிருந்தாங்களே பாவு, அது பக்கத்துல. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். மூணு பொடவை பாவு. இருபது மீட்டரு. அம்பது தடவ போட்டா ஆயிரம்.

அன்புச்செல்வி: சரியாத்தான இருக்குது.

தென்னரசு: சரி இல்ல. பாவு ரெண்டு முனையிலயும் தறியில கட்டறதுக்குன்னு கொஞ்சம் வுடுவோம். ரெண்டும் சேந்து ஒன்றரை மீட்டர் வரும். அது பொடவை ஆவாது, கடைசில அறுத்துப் போட்டுடுவோம். அதனால எங்க வாயில அது வரவே வராது. மூணு பொடவை பாவு எவ்ளோன்னு எந்த நெசவுக்காரனக் கேளு, தூக்கத்துலகூட இருபதுன்னுதான் சொல்லுவான். நானும் சொன்னேன். ஆனா கயிறு... கயிறு முழுசையும் அளந்துடுச்சு.

அன்புச்செல்வி: அப்ப?

தென்னரசு: கயிறு இருபத்தொன்றரை. அம்பது தடவை. நீ ஓடுனது ஆயிரம் இல்ல, ஆயிரத்தி எழுபத்தஞ்சு. அதப் போயி ஆயிரம்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். பாவம், மிஷினு மேல தப்பே இல்ல. நான் சொன்னத அப்படியே நம்பிச்சு. அன்னையிலேர்ந்து நீ எழுபத்தஞ்சு மீட்டரு எச்சா ஓடுனாத்தான் அது ஒரு கிலோமீட்டர்னே ஒத்துக்குது. உன்னோட ஆறு இருபது ஆறு இருபது இல்ல செல்வி. அஞ்சு அம்பத்திமூணு.

அன்புச்செல்வி: எப்ப தெரியும் உனக்கு?

தென்னரசு: மாசி மாசம். புதுப் பாவு தறியில ஏத்துறப்ப, முனைய முடி போடக் கையில புடிச்சேன். அப்பதான் அந்த ஒன்றரை மீட்டரு ஞாபகம் வந்துச்சு.

அன்புச்செல்வி: மாசியில இருந்தா! இது இன்னா மாசம்?

தென்னரசு: சித்திரை... 

அன்புச்செல்வி: ரெண்டு மாசம்! கோடை மழையில ஓடுனேன். மாதவிலக்கு வயித்து வலியோட ஓடுனேன். ஆறுக்கு வரலியே, ஆறுக்கு வரலியேன்னு அந்தப் பாலத்துக் கட்டையில உக்காந்து அழுதேன். பக்கத்துல நின்னுகினு தண்ணி பாட்டில நீட்டுனியே, வாயத் தொறந்தியா?

தென்னரசு: தொறக்கல.

அன்புச்செல்வி: ஏன்யா?

தென்னரசு: மொதல்ல வெக்கம். நீளத்த தப்பா அளந்த நெசவுக்காரன்னு தெரு சிரிக்கும். சடையப்பன் மாமா ஒருத்தர் போதும். அப்புறம்...

அன்புச்செல்வி: அப்புறம்?

தென்னரசு: அப்புறம் நீ ஓடுறதப் பாத்தேன். அந்தப் பொய் நம்பர நீ நெசமா தொரத்துன. அது ஒரு அடி தள்ளிப் போனா நீ ரெண்டு அடி வெச்ச. பின்னாடி வண்டில வந்துகினே பாப்பேன்... சத்தியமா சொல்றேன், எனக்கு அந்த மாதிரி எதையும் செய்ய வராது. தறியில ஒரு எழை அறுந்தா டீ குடிக்கப் போற ஆளு நான். நீ அழுதுட்டு மூஞ்சியக் கழுவிகினு மறுபடியும் ஓடுவ. 'நீ எப்பவோ ஆறுக்குள்ள வந்துட்ட'ன்னு சொன்னா எங்க நின்னுடுவியோன்னு பயம். அது என் தப்பு. உன்ன சரியாத் தெரிஞ்சுக்காத தப்பு.

அன்புச்செல்வி: நீளமா பேசற.

தென்னரசு: திட்டு. கையில இருக்கறதத் தூக்கி அடி. ஆனா பேரை மட்டும் எடுக்காத. என்னோட ஒன்றரை மீட்டருக்கு நீ பெங்களூர வுடாத. போனக் குடு, மேடம்கிட்ட நானே சொல்றேன். வாச்சக் கழட்டு, இப்பவே திருத்திடறேன். ரெண்டே நிமிஷம், புது நம்பர் போட்டா முடிஞ்சுது...

அன்புச்செல்வி: கைய எடு. வாச்சத் தொடாத.

தென்னரசு: செல்வி...

அன்புச்செல்வி: செலக்‌ஷன் வர்ற வெள்ளிக்கிழமை இல்லய்யா. முந்தாநாளே வெச்சு முடிச்சுட்டாங்க. டேப்பு புடிச்சு அளந்த பத்து கிலோமீட்டரு. கோட்டத் தாண்டிட்டேன், எல்லாரும் கை தட்டுறாங்க, வாச்சப் பாத்தா ஒம்பது புள்ளி மூணுங்குது. இன்னும் எழுநூறு மீட்டர் இருக்குதுன்னு நெனச்சு நான் பாட்டுக்கு ஓடிகினே இருக்கேன். கனிமொழி மேடம் பின்னாடியே ஓடி வந்து, கையப் புடிச்சு நிறுத்தி, 'அம்பத்தெட்டு நிமிஷம் அம்பது செகண்டு, நீதான் போற'ன்னு சொன்னாங்க. அந்த எழுநூறு மீட்டர் எங்க போச்சுன்னு நீயா எப்ப சொல்லுவன்னுதான் ரெண்டு நாளா வாய மூடிகினு இருந்தேன், இன்னைக்கு ஓடலன்னும் சொல்லிப் பாத்தேன்... நின்னுடுவேன்னா பயந்த? என்ன ஆள் புடிச்சு நிறுத்த வேண்டியதாப் போச்சுய்யா.